வலம் சுற்றும் வண்டிகள் குறித்து உமையாளுக்கு விடுத்த ஓலை

நலம் ஓங்குக. நீர் நிறைக. புறப்பட்ட வழிகள் எல்லாம் வீடு சேர்க.

ஆறு பெருகியபோது கரையை உயர்த்தியவரும், களஞ்சியம் பெருகியபோது வரியைத் தாழ்த்தியவரும், குடிகளின் முறையீட்டைக் கேட்டு முடிக்கும்வரை அரியணையில் முதுகு சாய்த்து அமராதவருமாகிய செம்பூழி நாட்டுக் கொற்றவை மாதேவியார் திருவாணைப்படி, அவர்தம் பெருவழி மந்திரியும், சாலைகளுக்கும் பாலங்களுக்கும் ஊர்வண்டிகளுக்கும் அதிகாரியுமாகிய ஆதித்த மழவராயர், செம்பூழிக் கோட்டையிலிருந்து விடுக்கும் ஓலை. இருவாயில் ஊரின் வடவாயிலில், எண்ணெய்க்காரர் தெருவில், செக்குடைய கூத்தனின் மனைவியும் வீதிக்கண்காணி வெண்காடரின் மகளுமாகிய உமையாள் கண்டு அறிக.

உமக்கும் உம் இல்லத்தார்க்கும் நலமே ஆகுக. இருவாயில் ஊரின் கோயிலுக்கும் குளத்துக்கும், கடைத்தெருவுக்கும் தேர்வீதிக்கும், அவ்வீதிகளில் ஊர்வண்டி இழுக்கும் எருதுகளுக்கும் மாதேவியாரின் வாழ்த்து உரியதாகுக. எருதுகளைத் தனியே குறித்ததற்குக் காரணம் உண்டு; அது கீழே வருகிறது.

நீர் அனுப்பிய விண்ணப்ப ஓலை திருமுன் வாசிக்கப்பட்டது. இருவாயிலில் சக்கரம் உள்ள யாவும் கோயிலை வலமாகவே சுற்றிச் செல்ல வேண்டும் என்று வகுத்த விதியை நீக்கி, முன்போலக் கடைத்தெருவில் இரு திசையிலும் வண்டிகள் வந்து போக அருள வேண்டும் என்று கேட்டிருந்தீர். சுற்றுவழியால் எண்ணெய்க்குடம் குலுங்கிச் சிந்துகிறது என்றும், சந்தைக்குப் பிந்திவிடுகிறது என்றும், ஓயாமல் ஒரே பக்கம் வளைவதால் எருதுகளுக்குத் தலை சுற்றுகிறது என்றும் எழுதியிருந்தீர். எருதுக்குத் தலை சுற்றும் இடம் வந்ததும் சேனாபதி வாய்விட்டுச் சிரித்தார். மாதேவியார் சிரிக்கவில்லை. ஓலையின் கடைசி வரியை மறுபடி வாசிக்கச் சொன்னார். "முன்னெல்லாம் எதிரே வரும் வண்டியில் யார் இருக்கிறார் என்றாவது தெரியும்" என்று அந்த வரி இருந்தது. எருதுக்காக இவ்வளவு மனம் நொந்து ஒருவரும் எழுதார், நீரே போய்ப் பார்த்து வாரும் என்று எம்மைப் பணித்தார்.

சென்று பார்த்தோம். எருதுகள் நலமாக இருக்கின்றன. அவற்றுள் ஒன்று எம் மேலாடையைத் தின்னவும் முயன்றது.

மந்திரி வருகிறார் என்று தெரிந்தால் ஊர் முழுவதும் சுண்ணாம்பு பூசித் தோரணம் கட்டிவிடுவார்கள். பிறகு பார்க்க ஒன்றும் மிஞ்சாது. ஆகவே வெற்றிலை வாணிகர் போல உடுத்துத் தென்வாயிலில் ஊர்வண்டி ஏறினோம். பின்பலகையில்தான் இடம் கிடைத்தது. பின்னோக்கி அமரும் அந்தப் பலகையில், அளவுகோலை மடியில் கிடத்திக்கொண்டு நெட்டையான ஒருவர் முன்பே அமர்ந்திருந்தார். அமர்ந்த மாத்திரத்தில் அவர் எம்மிடம் சொன்ன முதற்சொல், எம் முழங்கால்களை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும், வண்டியின் அகலத்துக்கு மேல் எதுவும் நீளலாகாது என்பது. செம்பூழியில் எம் முழங்காலைப் பற்றிப் பேசத் துணிந்தவர் ஒருவரும் இல்லை. இழுத்துக்கொண்டோம்.

அவர் யார் என்பதை நீர் அறிவீர். ஆயினும் இனி வரும் பகுதியில் அவரை உம் தந்தையார் என்று எழுதாமல் வெண்காடர் என்றே எழுதுகிறோம். நீர் அறியாத ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னால்தான் இது சரிவரும். அவரும் நீரும் பேச்சற்றுப் போனபின் அவர் எப்படி இருக்கிறார் என்பதை நீர் அறியமாட்டீர்.

இவ்வோலையின் படி ஒன்று அவையேட்டிலும் சேரும் என்பதால், ஊரார் அறிந்ததையும் சுருங்கக் குறிக்கிறோம். வெண்காடர் இருவாயிலின் வீதிக்கண்காணி. தெருவில் எவர் கூரை நீண்டாலும், எவர் பந்தல் முன்னே வந்தாலும், கோல் வைத்து அளந்து வெட்டச் சொல்லும் அதிகாரம் அவருடையது. சந்தை நாளில் தெருவில் பந்தல் கூடாது என்பது அவர் வகுத்த கட்டுப்பாடு. அவருடைய மகள் தன் குழந்தைக்குப் பெயர் சூட்டும் விழாவுக்கு வாசலில் பந்தல் போட்டாள். அது சந்தை நாளில் வந்து விழுந்தது. முந்தைய சந்தையில் தட்டார் வீட்டுப் பந்தலைப் பிரிக்க வைத்தவர், மகள் வீட்டுப் பந்தலை விட்டுவைத்தால் நாளை கோலைத் தூக்கிக்கொண்டு எந்த முகத்தோடு தெருவில் நடப்பது என்று எண்ணினார். விருந்தினர் பார்த்திருக்கப் பந்தலைப் பிரிக்கச் சொன்னார்.

அப்போது எழுந்த சொற்களை அரசவைத் தமிழில் ஏற்றினால் சூடு ஆறிவிடும் என்பதால் கேட்டவாறே எழுதுகிறோம். "உங்க கோலை எடுத்துக்கிட்டுப் போங்கப்பா. பேத்தியை விட உங்களுக்கு இந்தக் கட்டைதானே பெருசு. இனி இந்தப் பக்கம் வராதீங்க" என்றாள் மகள். "கூப்பிடாத வாசல்ல நான் கால் வைக்க மாட்டேன், அதை நீ நல்லா ஞாபகம் வச்சுக்கோ" என்றார் அவர். இருவாயில் வழக்கப்படி குழந்தையின் காதில் பெயரைச் சொல்ல வேண்டியவர் தாயைப் பெற்றவர். அவர் கோலோடு போய்விட்டார். குழந்தை பெயரில்லாமல் நின்றது. அது இப்போது நடை பழகி ஓடுகிறது. ஊரார் பாப்பா என்று கூப்பிடுகிறார்கள். அதுவும் தன் பெயர் பாப்பா என்றே எண்ணியிருக்கிறது.

பிடிவாதத்தில் அப்பனுக்கு மகள் ஒரு விரற்கடை குறைவில்லை என்று ஊரார் எம்மிடம் பெருமையாகவே சொன்னார்கள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று எமக்கு விளங்கவில்லை.

அதன்பின் இருவரும் சந்திக்க ஒரே ஓர் இடம் மிஞ்சியிருந்தது. கடைத்தெருவின் நடுவே, குளத்து மதிலும் தானியக்கடை மதிலும் நெருங்கி வரும் இடத்தைக் கழுத்து என்கிறீர்கள். காலையில் தென்வாயிலிலிருந்து புறப்படும் ஊர்வண்டியில் வெண்காடர் தம் வடவாயில் சாவடிக்கு வருவார். வடவாயிலிலிருந்து புறப்படும் ஊர்வண்டியில் மகள் எண்ணெய்க்குடத்தோடும் குழந்தையோடும் தென்வாயில் சந்தைக்குப் போவாள். இரண்டு வண்டிகளும் கழுத்தில் எதிர்ப்பட்டு அச்சோடு அச்சு கோத்துக்கொள்ளும். வண்டியோட்டிகள் இறங்கி ஒருவர் பரம்பரையை ஒருவர் பழித்து முடிக்கும்வரை இரண்டும் நகரா.

இருவாயிலில் மட்டும் உள்ள ஒரு வழக்கத்தை அங்கேதான் அறிந்தோம். அச்சுக் கோத்து நிற்கும் வண்டிகளில் இருப்பவர்கள் வாய்மூடி இருக்கலாகாது. இருந்தால் அச்சு முறியும். பகையாளியாயினும் சுகம் விசாரித்தே ஆக வேண்டும். ஆகவே, முகங்கொடுத்துப் பேசாத தகப்பனும் மகளும் நாள்தோறும் கழுத்தில் கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்து சுகம் விசாரித்தார்கள். "வீட்டுல எல்லாரும் சுகமா?" என்பார் அவர், குளத்தைப் பார்த்துக்கொண்டு. "சுகம். அங்க?" என்பாள் அவள், குடத்தைப் பார்த்துக்கொண்டு. "சுகம்" என்பார். அச்சு விடுபடும். வண்டிகள் போகும்.

மழைக்காலத்தில் ஒரு காலை, வழக்கத்துக்கு வேண்டாத ஒரு சொல்லையும் மகள் சேர்த்துச் சொன்னாளாம். "இருமல் இருக்கு போலிருக்கே" என்றாளாம். "மழை இருமல்தான், போயிடும்" என்று அவர் சொன்னாராம். இதை எம்மிடம் சொல்லும்போது வெண்காடர் பெருஞ்செல்வம் ஒன்றைத் துணி விலக்கிக் காட்டுபவர் போலச் சொன்னார். அந்த இருமல் சீக்கிரம் போய்விட்டதில் அவருக்கு வருத்தமே.

பின்பு நடந்ததையும் நீர் அறிவீர். குயவர் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளைவலி எடுத்தது. மருத்துவச்சியை ஏற்றிவந்த வண்டி கழுத்துக்கு அப்பால் நின்றுவிட்டது. முன்னால் வண்டிக்குப் பின் வண்டியாக அடைத்துக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் முன்னே அச்சுக் கோத்து நின்றவை தென்வாயில் ஊர்வண்டியும் வடவாயில் ஊர்வண்டியும். உள்ளே தகப்பனும் மகளும் சுகம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் மருத்துவச்சி இருப்பது எவருக்கும் தெரியாது. எவர் மீதும் குற்றமில்லை என்று ஊர்ச்சபை முடிவு சொன்னது; அது சரியான முடிவே. தாயும் பிள்ளையும் போனது போனதுதான்.

கடைத்தெரு நெரிசலுக்கு வழி காண்க என்று மாதேவியார் இருவாயிலுக்கு ஆணை அனுப்பினார். வீதிக்கண்காணி என்ற முறையில் அது வெண்காடர் கைக்கு வந்தது. குளத்து மதிலில் கரிக்கட்டியால் ஊரை வரைந்து, அதன்முன் நாட்கணக்கில் நின்று, கடைசியில் அவர் கண்ட வழி மிக எளியது. எல்லாச் சக்கரங்களும் கடைத்தெரு வழியே வடக்கே செல்க. வடவாயிலில் திரும்பித் தேர்வீதி வழியே தெற்கே வருக. கோயில் எப்போதும் வலக்கைப்புறம் இருக்க. எதிரே வண்டி வராது, அச்சுக் கோக்காது. வேறு ஊராயின் வாணிகர்கள் மூக்கால் அழுதிருப்பார்கள். இவரோ இதைக் கோயில் வலம் என்று சொல்லிவிட்டார். வலம் வர மாட்டேன் என்று எவர் வாய் திறப்பார்? மறுவாரமே ஊர்வண்டிகளில் மூதாட்டியர் இறங்காமல் அமர்ந்து புண்ணியம் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். எமக்குப் பின்பலகை மட்டும் கிடைத்ததும் அதனால்தான்.

அவ்விதி நடைமுறைக்கு வருவதற்கு முந்தின நாள் கடைசி முறையாக வண்டிகள் கழுத்தில் கோத்தன. சுகம் விசாரித்து முடிந்தது. குழந்தை தன் கையிலிருந்த வெல்லக்கட்டியை எதிர்வண்டிப் பெரியவரிடம் நீட்டியது. அவர் கை நீட்டினார். அன்று பார்த்துத் தென்வாயில் வண்டியின் ஓட்டி சடையன், கண்காணி எதிரில் தன் திறமையைக் காட்ட வேண்டும் என்று சட்டென்று அச்சை விடுவித்துவிட்டான். வெல்லம் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே விழுந்தது. வெண்காடர் நீட்டிய கையை மடக்கத் தோன்றாமல் வடவாயில் வரைக்கும் அப்படியே வந்ததைச் சடையன் கண்டிருக்கிறான். கண்காணிக்குக் கைப்பிடிப்பு என்று எண்ணியதாக எம்மிடம் சொன்னான்.

இந்தச் சுற்றுவழியை வரையும்போதே மகளை இனிப் பார்க்க முடியாது என்று தெரிந்ததா என வெண்காடரிடம் கேட்டோம். தெரிந்தது என்றார். தெரிந்துமா என்றோம். "குயவர் தெருப் பொண்ணு செத்துப் போனாளே ஐயா" என்றார்.

இப்போது வண்டிகள் தங்குதடையின்றி ஓடுகின்றன. காலையில் அவர் கடைத்தெரு வழியே வடக்கே போகிறார். மகள் தேர்வீதி வழியே தெற்கே போகிறாள். மாலையில் அவர் தேர்வீதி வழியே திரும்புகிறார். மகள் கடைத்தெரு வழியே திரும்புகிறாள். எந்நேரமும் இருவருக்கும் நடுவே கோயில். பகல் முழுவதும் அவர் மகள் வீட்டுக்குப் பக்கத்துச் சாவடியில் இருக்கிறார். பகல் முழுவதும் மகள் அவர் வீட்டுக்குப் பக்கத்துச் சந்தையில் இருக்கிறாள். ஊரை இதைவிடத் துல்லியமாக இரண்டாகப் பிரிக்க எம் அளவர்கள் எவராலும் முடிந்திராது.

வண்டி கழுத்தைக் கடந்தபோது நிற்கவில்லை. நிற்க வேண்டிய தேவை இல்லை. பக்கத்தில் வெண்காடர் ஏதோ முணுமுணுத்தார். எம்மிடம் பேசுகிறார் போலும் என்று என்ன என்றோம். ஒன்றுமில்லை என்றார். மறுநாளும் அதே இடத்தில் அவர் உதடு அசைந்தது. அன்று காது கொடுத்துக் கேட்டோம். "வீட்டுல எல்லாரும் சுகமா?" என்று வெறுந்தெருவைப் பார்த்துக் கேட்டுவிட்டு, ஒரு மூச்சு நேரம் பொறுத்து, "சுகம்" என்று தாமே சொல்லிக்கொண்டார்.

அவர் ஏன் எப்போதும் பின்பலகையிலேயே அமர்கிறார் என்பதையும் அறிந்தோம். கோயில் மதிலின் வடமூலையில், பூக்கடைகளுக்கு இடையே, தேர்வீதி தெரியும்படியான ஒரு சந்து இருந்தது. வண்டி அங்கே திரும்பும்போது பின்பலகையில் இருப்பவருக்கு எதிர்வீதியில் போகும் வடவாயில் வண்டி ஒரு கணம் தெரியும். சில நாள் எண்ணெய்க்குடம் தெரிந்ததாம். ஒரு நாள் குழந்தையின் உச்சிக்குடுமி தெரிந்ததாம். பின்பு பூக்காரி அந்த இடைவெளியை மறைத்து ஓலைத்தட்டி கட்டிவிட்டாள். வெண்காடர் வண்டியை விட்டு இறங்கிப் போய்க் கோல் வைத்து அளந்தார். தட்டி தெருவுக்குள் நீளவில்லை. மறுநாளும் அளந்தார். சுவரோடு ஒட்டி, ஒரு நெல்முனை கூட வெளியே வராமல், ஊரிலேயே அவர் விதிக்கு அடங்கி நின்ற தட்டி அது ஒன்றே. நல்லாக் கட்டியிருக்கே அம்மா என்று சொல்லிவிட்டு வந்தாராம். பூக்காரி அந்தப் பாராட்டை இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மகள் ஏறும் வண்டியிலேயே ஏறினால் என்ன என்று நீர் கேட்கலாம். நாமும் கேட்டோம். ஒரு நாள் அதற்காகவே தென்வாயில் கல்தூணருகே காத்து நின்றிருக்கிறார். மாலை வண்டி வந்தது. மூதாட்டியர் நடுவே மகள் இருந்தாள். அவரைப் பார்த்தாள். அச்சு கோக்கவில்லை, சுகம் விசாரிக்க வேண்டிய கட்டாயம் இருவருக்கும் இல்லை. எதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமல் வெண்காடர் குனிந்து தூணை அளக்கத் தொடங்கினார். சடையன் ஏறுகிறீரா என்று கேட்டான். அளக்க வந்தேன் என்றார். வண்டி போய்விட்டது. தூணின் அளவு அவருக்கு முன்பே தெரியும், நட்டவரே அவர்தாம்.

இதை எழுதும்போது நீர் இவ்வரியில் நிற்பீர் என்று எண்ணுகிறோம். அன்று நீர் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்க எமக்கு உரிமையில்லை. கேட்கவும் இல்லை.

நடந்து போகலாமே என்றும் கேட்டோம். இங்கேதான் இருவாயிலார் செய்திருக்கும் விந்தையைக் கண்டோம். விதி சக்கரத்துக்கு மட்டுமே உரியது. கால்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் வலம் என்று சொல்லிவிட்டபின் எதிர்த்திசையில் நடப்பது கோயிலை இடம் சுற்றுவது ஆகுமே என்று ஊரார் அஞ்சிவிட்டார்கள். இரண்டு வீடு தள்ளி இருப்பவரிடம் உப்பு வாங்கக் கூட ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார்கள். எல்லாரும் ஒரே திசையில் நடப்பதால் ஒருவருக்கு ஒருவர் முதுகுதான் தெரிகிறது. கடைத்தெருவில் நாம் இருந்த நாட்களில் எமக்கு எதிரே ஒரு முகம் கூட வரவில்லை. விதியை எழுதியவரே அதில் அகப்பட்டுக் கிடக்கிறார். வடவாயில் சாவடிக்கு இடப்புறம் கூப்பிடு தூரத்தில் மகள் வீடு. அங்கே போக வேண்டுமானால் கண்காணியே இடமாக நடந்தார் என்று ஆகிவிடும். அதற்கும் மேல், கூப்பிடாத வாசல்.

மந்திரிக்கு எதிரே வருவார் எவருமில்லை. வருபவர்கள் ஒதுங்கி நின்று தலை குனிந்துவிடுவார்கள். ஆகவே எதிர்ப்பட ஒரு முகமும் இல்லாமற்போன அவர் நிலை எமக்கு விளங்கிற்று. அதை இங்கே எழுதுவது முறையா என்று தெரியவில்லை, எழுதிவிட்டோம்.

கடைசி நாள் அவர் வீட்டில் உண்டோம். ஒருவருக்கு வேண்டிய அளவுக்கு அரிசி போட அவருக்கு இன்னும் கை வரவில்லை. பானையில் எப்போதும் மீந்துவிடுகிறது. மறுநாள் பழையதாக அவரே உண்கிறார். உண்ணும்போது, எமக்கு அரண்மனையில் தெரிந்தவர் உண்டு, இந்தச் சுற்றுவழியை நீக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்று கேட்டோம். சோற்றில் இருந்த கையை எடுத்துவிட்டார். அதை மட்டும் செய்துவிடாதீர்கள் என்றார். அவர் குரல் உயர்ந்தது அப்போது ஒரு முறைதான். பிறகு, கோபித்துக்கொண்டதற்கு வருந்தியவர் போல, எமக்கு இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினார்.

நாம் யார் என்பதை அப்போதே சொன்னோம். அவர் எழுந்து நின்று, முழங்காலைப் பற்றிச் சொன்னதைப் பொறுத்தருள வேண்டும் என்றும், ஆயினும் முழங்கால் நீண்டிருந்தது உண்மை என்றும் சொன்னார்.

இனி ஆணை.

இருவாயிலின் வலவழி விதி நீக்கப்படாது. குயவர் தெருப் பெண்ணுக்குப் பின் அவ்வூரில் மருத்துவச்சியின் வண்டி ஒரு முறையும் நின்றதில்லை என்பதை நேரிற் கண்டோம். அவ்விதி நாட்டின் மற்ற ஊர்களிலும் நடைமுறைக்கு வரும். உமது விண்ணப்பம் இவ்வளவில் மறுக்கப்பட்டது. மனம் பொறுப்பீராக.

அவ்விதி சக்கரங்களுக்கே உரியது என்றும், கால்களுக்கு வலமும் இல்லை இடமும் இல்லை என்றும், எதிரே நடந்து வருபவரைக் கண்டு எவரும் அஞ்சலாகாது என்றும், இயன்றால் நின்று சுகம் விசாரித்துப் போக வேண்டும் என்றும் ஊர்ச்சபைக்குத் தனியே ஓலை போகிறது. அது கோயில் வாசலில் பறை அறைந்து வாசிக்கப்படும்.

இவ்வோலை ஓட்டக்காரர் கையில் வடவாயில் சாவடி வரைக்குமே வந்தது. அங்கிருந்து உம் வாசலுக்குக் கொணரும்படி வீதிக்கண்காணி வெண்காடருக்குக் கட்டளை அளிக்கப்பட்டுள்ளது. வண்டியில் வரலாகாது, சுற்றியும் வரலாகாது, சாவடியிலிருந்து நேரே இடப்புறமாக நடந்து வர வேண்டும் என்பது கட்டளை. ஓலையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அரச காரியம் என்பது மட்டும் தெரியும். அரச காரியம் என்றால் அவர் மறுக்கமாட்டார் என்பதை உம் பந்தலே அறியும்.

ஆயினும் அவர் உள்ளே வரமாட்டார். ஓலை கொணர்ந்தவர் அழைப்பின்றிப் படி ஏறலாகாது என்பது அரசமுறை. கூப்பிடாத வாசலில் கால் வைப்பதில்லை என்பது அவர் சொல். அரசமுறையை மாற்ற மாதேவியாரால் முடியும். அவர் சொல்லை மாற்ற எவராலும் முடியாது என்று கண்டதால் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டோம். நீர் இதைப் படிக்கும் இந்நேரமும் அவர் உம் வாசலுக்கு வெளியே, வெயிலில், கோலோடு நிற்கிறார். இதைச் சத்தமாகப் படிக்க வேண்டா.

ஓலை பெற்றவர் கொணர்ந்தவரை உள்ளே அழைத்து, நீர் கொடுத்து, அமர்த்தி, மறுமொழி எழுதி அவர் கையிலேயே தந்தனுப்ப வேண்டும் என்பது செம்பூழியின் வழக்கம். உம்மிடம் வேண்டும் மறுமொழி ஒரே சொல்தான். இருவாயில் எண்ணெய்க்காரர் தெருக் கூத்தன் மகளின் பெயர் என்ன என்று மாதேவியார் கேட்கிறார். அவ்வூர் வழக்கப்படி அது முதலில் குழந்தையின் காதில் சொல்லப்பட வேண்டும். பிறகே ஓலையில் எழுதப்பட வேண்டும். சொல்ல வேண்டியவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார்.

வெல்லக்கட்டி ஒன்று இவ்வோலையோடு வருகிறது. அது குழந்தைக்கு. அதைக் குழந்தை யாரிடம் நீட்டினாலும் தடுக்க வேண்டா.

இது மாதேவியார் திருவாணை. வண்டியும் வழியும் பொறித்த பெருவழி முத்திரையை இதன்கீழ் எம் கையால் இட்டோம். அரக்கு உலர்ந்துவிட்டது. எழுந்து கதவைத் திறப்பீராக.